கழுத்து நெறிக்கட்டி: காசநோய் மருந்துக்குக் கரையவில்லை, அறிக்கையில் கேசில்மேன் நோய் என்று வந்திருக்கிறது

பசுண்டாங்வாசி (யாங்கோன், மியான்மர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 31 வயது. பசுண்டாங்கில் எங்கள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். 14 மாதங்களுக்கு முன்பு அவளுக்கு வலது காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில், ஒரு நெறிக்கட்டி தென்பட்டது. காலையில் கன்னத்திலும் கழுத்திலும் தனக்கா (மரப்பட்டையை அரைத்த குழம்பு) பூசும்போது விரல் ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பும் மெலியவில்லை. புளியங்கொட்டை அளவில் இருந்தது மெல்ல வளர்ந்து இப்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. கடைசியாக எடுத்த ஸ்கேனில் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்று குறித்திருக்கிறார்கள்.

நம் ஊரில் கழுத்தில் கட்டி என்றாலே முதல் எண்ணம் காசநோய்தான். ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் கிருமி எதுவும் தென்படவில்லை. ஏதோ ஒன்றை எதிர்த்து வீங்கிய நிணநீர்க்கணு என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் காசநோய் மருந்தைத் தொடங்கச் சொன்னார்கள். நான்கு மாதங்களாக ஒரு வேளை கூடத் தவறாமல் சாப்பிட்டும் கட்டி நூலளவும் குறையவில்லை. அதன்பின் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் கட்டியிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, ஒரே புட்டியில் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு, என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அதை நான்தான் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சோதனைச்சாலையில் ஒப்படைத்தேன். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் "கேசில்மேன் நோயோடு ஒத்துப்போகும் தோற்றம், ஹயலின் வாஸ்குலர் வகை" என்று இருந்தது.

அதைப் பார்த்த ஒரு மருத்துவர், இது லிம்போமாவின் (நிணநீர்ப் புற்றுநோயின்) தொடக்கம், உடனே கீமோ கொடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், வெறும் நெறிக்கட்டிதான், அப்படியே விட்டுவிடலாம் என்கிறார். இது புற்றுநோயா என்று அம்மா தினமும் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காசநோய் மருந்தை நிறுத்திவிடலாமா, அடுத்து எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், யாங்கோனிலேயே பார்க்க முடியுமா அல்லது சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டுமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மோல்மேன் மருத்துவர் (நோய்த்திசு ஆய்வு, ஓய்வு) எழுதுகிறார்:

அன்புள்ள தம்பிக்கு,

நான் மோல்மேனில் பிறந்தவள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து நெறிக்கட்டிகளைப் பார்த்தவள். உங்கள் தங்கையின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதைப் படித்து மட்டுமே பதில் சொல்கிறேன் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கேசில்மேன் நோய் புற்றுநோய் அன்று. நிணநீர்க்கணுவில் உள்ள செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகிற அபூர்வமான நோய்களில் அது ஒன்று. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய பெஞ்சமின் கேசில்மேன் என்ற நோய்த்திசு ஆய்வாளர், நெஞ்சின் நடுவில் பெரிய கட்டியோடு வந்த 13 பேரைப் பற்றித் தம் சக மருத்துவர்களோடு சேர்ந்து 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்தப் பெயர் நிலைத்தது. நெஞ்சுக்கு அடுத்தபடியாக இது அதிகம் தென்படுகிற இடங்களில் கழுத்தும் ஒன்று.

ஹயலின் வாஸ்குலர் என்ற சொல் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். ஆரோக்கியமான நிணநீர்க்கணுவில் உருண்டை உருண்டையாகச் சில கூட்டங்கள் இருக்கும். நடுவில் பெரிய செல்களும் அவற்றைச் சுற்றிச் சிறிய செல்களும் கூடியிருக்கும். இந்த நோயில் நடுப்பகுதி வற்றிச் சுருங்கிவிடுகிறது; சுற்றியுள்ள சிறிய செல்களோ, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரிகிற வளையங்களைப் போல, வரிசை வரிசையாக அடுக்கி நிற்கின்றன. பக்கவாட்டிலிருந்து தடித்த சுவருள்ள ஒரு ரத்தக்குழாய் அந்த உருண்டைக்குள் நுழைகிறது. பார்ப்பதற்குக் குச்சி மிட்டாய் போலவே இருக்கும். சில இடங்களில் ஒரே வளையத்துக்குள் இரண்டு நடுப்பகுதிகள் இருக்கும். இவையெல்லாம் ஒன்றாகத் தெரிந்தால்தான் அந்தப் பெயரை எழுதுவோம்.

ஆனால் அறிக்கையில் "ஒத்துப்போகும்" என்று எழுதியிருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எழுதியவர் எச்சரிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார், அது சரியும்கூட. இதே தோற்றம் சிலவகை லிம்போமாவிலும், எச்ஐவி தொற்றிலும், உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயிலும் ஓரளவுக்கு வரலாம். ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கணுவின் அமைப்பைச் சொல்லிவிட முடியாது. ஊசிச் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போனதற்கும் காரணம் இதுதான்: ஊசி சிதறிய செல்களைக் கொண்டுவருமே தவிர, அவை எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைக் காட்டாது, இந்த நோயின் அடையாளமோ முழுக்க அடுக்கில்தான் இருக்கிறது. ஆகவே அந்தச் சோதனைச்சாலையில் உங்கள் தங்கையின் திசு வைக்கப்பட்டிருக்கும் மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. பனிக்கட்டி எதுவும் தேவையில்லை, வெயில் படாமல் சாதாரணமாகக் கொண்டுபோகலாம், ஆண்டுக்கணக்கில் கெடாது. நம் மக்கள் பலர் போகிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்கு, நோயாளி போவதற்கு முன்பே இந்த மெழுகுக் கட்டியை அனுப்பி, எந்த வகைச் செல் எங்கே இருக்கிறது என்று காட்டும் சிடி20, சிடி3, சிடி21 ஆகிய சாயச் சோதனைகளையும், ஹெர்பெஸ் வைரஸ் 8 இருக்கிறதா என்று காட்டும் லானா சோதனையையும் செய்யச் சொல்லலாம்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். இந்த நோய் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறதா, பல இடங்களில் இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்காமல் யாரும் சிகிச்சையைப் பற்றிப் பேசக்கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டும் வேறு வேறு நோய்கள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் மட்டும் இருந்தால், அதை முழுதாக அகற்றியதும் பெரும்பாலோருக்கு நோய் தீர்ந்துவிடுகிறது, கீமோ தேவையில்லை. பல இடங்களில் இருந்தால் அது முழு உடலின் நோய். கழுத்திலுள்ள ஒன்றை எடுப்பதால் மட்டும் தீராது. எனவே கழுத்து, நெஞ்சு, வயிறு, இடுப்பு எல்லாவற்றுக்கும் மருந்து ஏற்றிச் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். பெட் ஸ்கேன் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் இதுவே போதும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தட்டணுக்கள், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, ரத்தப் புரதமான அல்புமின், சிறுநீரகம், கல்லீரல், எச்ஐவி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எச்ஐவி சோதனை என்றதும் குடும்பத்தில் மனம் புண்பட வேண்டாம். கேசில்மேன் என்று பெயர் வந்த எவருக்கும் அதைச் செய்தே ஆக வேண்டும்.

காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டி குறையவில்லை என்பது மட்டுமே காசநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மருந்து சரியாக வேலை செய்யும்போதுகூடக் கழுத்துக் கட்டி சில வாரங்களுக்குப் பெரிதாவது உண்டு. ஆனால் திசுவில் காசநோய்க்குரிய குருணைத் திரள்கள் எதுவும் இல்லை என்று அறிக்கை சொல்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சொன்னால், அந்த அறிக்கையோடு மருந்து கொடுத்த மருத்துவரிடமே போய்ப் பேசுங்கள். திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டதால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழி அடைபட்டுவிட்டது, ஏனென்றால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பாதியை உப்புநீரில் போட்டுக் காசநோய்ச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி இருந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இப்படி ஒற்றைப் புட்டியில் வந்த எத்தனையோ கட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று: கட்டி முழுதாக வெளியே வருவதற்குள் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். உள்ளே லிம்போமா ஒளிந்திருந்தால் ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாகக் கரைத்து, எங்கள் கண்ணுக்கே தெரியாமல் செய்துவிடும்.

தட்டோன் அம்மா எழுதுகிறார்:

தம்பி, நான் மருத்துவர் இல்லை. என் மகளுக்கு 22 வயதில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவளுக்குக் கழுத்தின் பின்பக்கம் மூன்று நான்கு நெறிகள் கட்டின. தொட்டால் வலித்தது, மாலையானால் காய்ச்சல் வந்தது. நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் அன்றைய காய்ச்சல் அளவைப் பென்சிலால் எழுதிவைத்தேன். அப்படி 40 நாட்களுக்கு மேல் எழுதினேன். எங்களுக்கும் காசநோய் மருந்தைத்தான் தொடங்கச் சொன்னார்கள். நாங்கள் கொஞ்சம் பொறுத்து ஒரு கணுவை முழுதாக எடுத்துச் சோதித்ததில் கிக்குச்சி நோய் என்று வந்தது. 1972இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட நோய், நம் ஆசியப் பகுதி இளம்பெண்களிடம் கூடுதலாக வருகிறது, தானாகவே ஆறிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். காய்ச்சலுக்கு மாத்திரை மட்டுமே கொடுத்தார். இரண்டு மாதம் ஆவதற்குள் எல்லாம் வடிந்துவிட்டது. பின்னாளில் சிலருக்கு லூபஸ் வரக்கூடும் என்பதால் அதற்கான ரத்தச் சோதனையைச் செய்தோம். மூட்டு வலியோ முகத்தில் தடிப்போ வந்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தங்கைக்கு வலியும் காய்ச்சலும் இல்லாததால் அவளுக்கு இருப்பது வேறு நோய் என்று எனக்கே புரிகிறது. ஆனாலும் கழுத்தில் கட்டி என்றதும் இரண்டே பெயர்களைச் சொல்லி நம்மைப் பயமுறுத்துகிறார்கள். இடையில் இத்தனை நோய்கள் இருக்கின்றன என்று அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த 40 இரவுகளில் சிலவற்றிலாவது தூங்கியிருப்பேன். அம்மாவை ஆறுதலாக இருக்கச் சொல்லுங்கள்.

காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் எழுதுகிறார்:

மோல்மேன் அம்மையார் எழுதியவற்றில் பெரும்பாலானவற்றோடு நான் உடன்படுகிறேன். நான் சேர்க்க விரும்புபவை கத்தி எடுப்பவனின் பக்கத்திலிருந்து வருபவை.

ஸ்கேனில் வேறெங்கும் கட்டி இல்லை என்று உறுதியானால், மறுபடியும் ஒரு துண்டு வெட்டிப் பார்க்க வேண்டாம். வேலூரிலிருந்து முடிவு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. முழுக்கட்டியையும் உறை கிழியாமல் எடுத்துவிட்டால் அதுவே நோயைக் கண்டறிவதாகவும் அதற்குச் சிகிச்சையாகவும் அமையும். ஆனால் இந்த வகைக் கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் மிகுதி. சாதாரண நெறிக்கட்டி என்று நினைத்து உள்ளூர் மயக்க ஊசியோடு திறந்தவர்கள் ரத்தத்தை நிறுத்த முடியாமல் தவித்திருக்கிறார்கள். முழு மயக்கத்தில், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, கழுத்து அறுவையில் பழகிய ஒருவர் செய்ய வேண்டும். கட்டி பெரிதாக இருந்து பெரிய குழாய்களை ஒட்டியிருந்தால், முந்தின நாள் அதற்குப் போகும் தமனியை உள்ளிருந்தே அடைத்துவிட்டுச் செய்வதும் உண்டு.

தங்கை தையல் வேலை செய்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாடைக் கோணத்துக்குக் கீழாகச் சென்று கழுத்தின் பின்பக்கமாக இறங்கித் தோளுக்குப் போகும் நரம்பு ஒன்று இருக்கிறது. தோளைத் தூக்குவதும் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவதும் அதனால்தான் நடக்கின்றன. கழுத்துக் கட்டியை எடுக்கும்போது அதிகம் காயப்படுவதும் அதுவே. முன்பே ஒருமுறை அந்த இடத்தைத் திறந்திருப்பதால் உள்ளே தழும்பு இருக்கும், நரம்பைப் பிரித்தெடுப்பது கடினமாகும். அறுவைக்கு முன் மருத்துவரிடம் "தோள் நரம்பை அடையாளம் கண்டு காப்பாற்றுவீர்களா" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். இப்போதே வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கிறதா, அந்தக் கை முழுதாக உயர்கிறதா என்றும் பார்த்துக் குறித்துவையுங்கள்.

வாயில் ஆறாத புண்கள், உதட்டில் தோல் உரிவது, மூச்சிரைப்பு ஏதாவது இருக்கிறதா? ஓரிடத்துக் கேசில்மேன் கட்டியோடு அபூர்வமாக ஒரு கடுமையான கொப்புள நோய் சேர்ந்து வரும். நுரையீரலையும் அது பாதிக்கும். இருந்தால் அறுவைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மற்றபடி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்கள் எவ்வளவு என்றும் பாருங்கள். அவை மிக உயர்ந்திருந்தால் கிமூரா நோயையும் எண்ண வேண்டும்; நம் பகுதியில் காதைச் சுற்றியும் தாடையின் கீழும் வருகிற நோய் அது, சிறுநீரகத்தையும் தொடுவதால் சிறுநீரில் புரதம் பார்ப்போம். ஆனால் அது ஆண்களுக்கே அதிகம் வரும், திசு அறிக்கையும் அதற்குப் பொருந்தவில்லை.

பசுண்டாங்வாசி மீண்டும்:

உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவுக்குத் தட்டோன் அம்மாவின் பதிலை மூன்று முறை படித்துக் காட்டினேன். சிடி ஸ்கேன் இங்கேயே எடுத்துவிட்டோம்: கழுத்தில் அந்த ஒரு கட்டி மட்டுமே, நெஞ்சிலும் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. ஹீமோகுளோபின், அல்புமின், சிஆர்பி எல்லாம் சரியான அளவில் இருக்கின்றன, எச்ஐவி இல்லை, ஈசினோஃபில் சாதாரண அளவுதான். வாய்ப்புண் எதுவும் இல்லை. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. உத்தரத்தில் மாட்டியிருக்கும் துணிக் கொக்கியை வலது கையால் எட்டித் தொடுகிறாள். பல இடங்களில் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று தங்கை கேட்கச் சொன்னாள். பின்னால் அப்படி மாறிவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கிறது.

மோல்மேன் மருத்துவர்:

இந்த முடிவைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்கையின் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன். ஓரிடத்து நோய் பின்னாளில் பல இடங்களுக்குப் பரவி அந்த மற்ற நோயாக மாறுவது வழக்கம் அன்று. இரண்டும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தனித்தனி வழியில் போகின்றன.

பல இடங்களில் வருவதில் ஒரு வகைக்கு ஹெர்பெஸ் வைரஸ் 8 காரணம். எச்ஐவி உள்ளவர்களிடமே அது அதிகம், ரிட்டுக்சிமாப் என்ற மருந்து வந்த பிறகு அவர்கள் நிலை வெகுவாக மாறியிருக்கிறது. காரணம் தெரியாத இன்னொரு வகையில் காய்ச்சல், இரவு வியர்வை, ரத்தசோகை, உடல் வீக்கம் எல்லாம் வரும். இன்டர்லூக்கின் 6 என்ற பொருள் உடலில் மிகுந்துபோவது அவர்களில் பலருக்கு அடிப்படையாக இருக்கிறது. அதைத் தடுக்கும் சில்டுக்சிமாப் மருந்துக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஜப்பானில் டோசிலிசுமாப் அதற்கு முன்பே, 2005இல் அனுமதி பெற்றது. இந்த வகையை எப்படி உறுதிசெய்வது என்பதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட விதிகள் 2017இல்தான் வந்தன என்றால், இத்துறை எவ்வளவு புதியது என்று பாருங்கள். அவற்றை உருவாக்குவதில் முன்னின்ற டேவிட் ஃபாஜன்பாம் என்ற அமெரிக்க மருத்துவரே அந்த நோயில் பலமுறை சாவின் விளிம்புவரை போய் மீண்டவர். உங்கள் தங்கைக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அறுவை மருத்துவர் சொன்னபடி முழுக்கட்டியையும் எடுத்துவிடுங்கள். காத்திருக்க வேண்டாம் என்ற அவர் கருத்தை, ஸ்கேன் முடிவுக்குப் பிறகு, நானும் ஏற்கிறேன்.

பசுண்டாங்வாசி, ஏழு வாரங்களுக்குப் பின்:

அறுவை யாங்கோனிலேயே முடிந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. தோள் நரம்பு கட்டியின் பின்புறம் தழும்போடு ஒட்டியிருந்ததாகவும் அதைப் பிரித்துக் காப்பாற்றியதாகவும் மருத்துவர் சொன்னார். இந்த முறை நானே இரண்டு புட்டிகள் வாங்கிப் போயிருந்தேன். கேட்டதும் மறுக்காமல் கட்டியின் ஒரு ஓரத்தைச் சீவி உப்புநீரில் தனியாகப் போட்டுத் தந்தார்கள். அதில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த பிறகு, மருந்து கொடுத்த மருத்துவரே அறிக்கைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதை நிறுத்தச் சொன்னார். மெழுகுக் கட்டியை வேலூருக்கு அனுப்பினோம்: ஓரிடத்துக் கேசில்மேன் நோய், ஹயலின் வாஸ்குலர் வகை, லிம்போமாவுக்கான அடையாளம் இல்லை, ஹெர்பெஸ் வைரஸ் 8 இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

வலது கை இன்னும் முழுதாக உயரவில்லை. கொக்கிக்கு நான்கு விரல் கீழே நின்றுவிடுகிறது. நரம்பு இழுபட்டதால் வந்த தளர்ச்சி, சில மாதங்களில் திரும்பும் என்று சொல்லி உடற்பயிற்சி கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். காதுமடலும் மரத்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். சென்ற திங்கட்கிழமையிலிருந்து அரை நாள் தையலில் உட்காருகிறாள்.

காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்:

காதுமடல் மரத்துப்போவது வேறொரு சிறு நரம்பால் வருவது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். தோள் பயிற்சியை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம்; தையலில் உட்காரும்போது வலது முழங்கையின் கீழ் ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் கை அந்தக் கொக்கியை எட்டவில்லை என்றால், ஆறு மாத ஸ்கேன்வரை பொறுத்திருக்காமல், நரம்பின் ஓட்டத்தை அளக்கும் சோதனைக்குக் கூட்டிப் போங்கள்.